முறைக்காய்ச்சல், மலைக்காய்ச்சல், மலேரியா

போடியிலிருந்து குரங்கணிக்குப் போகும் வழி நூறாண்டுக்கு முன் தேயிலைப் பாதை. மூணாறுத் தேயிலை குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, குரங்கணி வழியாகப் போடியை அடைந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அழித்தது. இம்மலைகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் புலியைவிடவும் பயந்த ஒன்று உண்டு. அதன் பெயர் மலைக்காய்ச்சல்.

நடுக்கும் குளிர், கொதிக்கும் சூடு, பிறகு வியர்வை. ஒருநாள் விட்டு ஒருநாள் அதே நேரத்தில் மறுபடியும் வரும். அதனால்தான் இதற்கு முறைக்காய்ச்சல் என்றும் பெயர். ‘மலேரியா’வோ இத்தாலியச் சொல். மாலா ஆரியா என்றால் கெட்ட காற்று. கோடைதோறும் ரோமில் ஆளைக் கொல்லும் இந்த நோயைப் பற்றி ஹொரேஸ் வால்போல் 1740-ல் எழுதிய கடிதம் அந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது. சதுப்பு நிலத்து நச்சாவிதான் நோய்க்குக் காரணம் என ஐரோப்பா நம்பிய காலம் அது.

அந்த நம்பிக்கை நம் மண்ணுக்கும் வந்தது. 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், கோவை, திருநெல்வேலிச் சீமைகளைக் காய்ச்சல் சூறையாடியது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். கம்பெனி அரசு வைட்லா ஐன்ஸ்லி உள்ளிட்ட மருத்துவர்களை அனுப்பி விசாரித்தது. மழையையும் ஈரத்தையும் காட்டையும் ஆராய்ந்த அவர்களின் அறிக்கை 1816-ல் லண்டனில் அச்சானது. கொசுவை யாரும் சந்தேகிக்கவில்லை.

1897 ஆகஸ்ட் 20-ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் நோய்க்கிருமியைக் கண்டார். மறு ஆண்டு இத்தாலியரான கிராஸி, மனிதருக்கு நோய் பரப்புவது அனாபிலிஸ் கொசு என்று நிறுவினார். காற்று குற்றமற்றது என்று ஆனபிறகும் பெயர் மாறவில்லை.

நம் பெயர்கள் எந்தக் காரணத்தையும் ஊகிக்கவில்லை. கண்டதை மட்டுமே சொன்னார்கள் நம் மக்கள். அதனால்தான் அவை பொய்க்கவில்லை என்பேன். ரத்தச் சிவப்பணுக்களுக்குள் பெருகும் கிருமி அவற்றை உடைத்துக்கொண்டு வெளிப்படும்போது காய்ச்சல் வருகிறது. வைவாக்ஸ் என்ற வகைக் கிருமிக்கு அந்தச் சுழற்சி 48 மணி நேரம். ஒருநாள் இடைவெளியை ‘முறை’ என்று குறித்தவர்கள் இந்தக் கணக்கையே கவனித்திருந்தார்கள். ‘மலை’ என்ற அடையும் வீணல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவுகளிலும் அடிவாரங்களிலும் நோயைப் பரப்பும் அனாபிலிஸ் ஃபுளுவியாடிலிஸ் கொசு, குட்டையைத் தேடாது. மெல்ல ஓடும் தெளிந்த ஓடையின் ஓரங்களில் முட்டையிடும். ஓடை நிறைந்த மலையடிவாரம் அதற்குத் தோதான இடம்.

மருந்தும் மலையிலிருந்தே வந்தது. 1860-களில் நீலகிரியில் சின்கோனா பயிரிட்டார்கள். அங்கே நடுவட்டத்தில் அந்த மரத்தின் பட்டையிலிருந்து கொயினா மருந்து எடுத்தார்கள். நாக்கில் பட்டால் குடலைப் புரட்டும் கசப்பு. ஆனாலும் மலைக்குப் போகிறவருக்கு அதைவிட்டால் வேறு துணை இருக்கவில்லை.

சுதந்திரம் வந்தபோது இந்தியாவில் ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா கண்டது. எட்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அரசின் மதிப்பீடு. 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. பூச்சிமருந்து அடித்ததில், 1965-ல் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு இறங்கியது. பிறகு கண்காணிப்பு தளர்ந்தது, கொசுவுக்கும் அந்த மருந்து பழகிப்போனது. 1976-ல் 64 லட்சம் பேரை முறைக்காய்ச்சல் மறுபடியும் படுக்கையில் தள்ளியது.