குதிர் போயிடுச்சு, பூனை எங்கே போகும்?

ஐப்பசி பிறந்ததும் நான் செய்யிற முதல் வேலை, போன வருஷத்துப் பூனைப் பெட்டிகளை எடுத்துத் தட்டி, பழைய வைக்கோலைக் கொட்டிட்டுப் புது வைக்கோல் போடறது. இந்தத் தடவை அதைச் செஞ்சுக்கிட்டு இருந்தப்போ பக்கத்து வயக்காரர் வந்து நின்னு பார்த்தார். கொஞ்ச நேரம் சிரிச்சுட்டு, "ஏம்ப்பா, நம்ம தாத்தன் பூட்டன் எவனாவது பூனைக்கு வீடு கட்டிப் பார்த்திருக்கியா?"ன்னு கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். எங்க ஊர்ல மாட்டுக்குக் கொட்டகை உண்டு, கோழிக்குக் கூடு உண்டு, ஆட்டுக்குப் பட்டி உண்டு. பூனைக்குன்னு ஒருத்தரும் ஒண்ணும் கட்டினதில்லை. ஏன் கட்டலைன்னு நாலு நாளா யோசிச்சதைத்தான் இங்கே எழுதுறேன்.

பூனை மனுஷனோட வந்து சேர்ந்ததே தானியத்தால. விதைச்சு அறுத்துச் சேர்த்து வைக்கக் கத்துக்கிட்ட இடத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவுல சுமார் 9500 வருஷத்துக்கு முந்தைய ஒரு புதைகுழியைத் தோண்டினப்போ, மனுஷ எலும்புக்கூட்டுக்குப் பக்கத்துல, ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்துல, பூனையோட எலும்புக்கூடும் இருந்தது. 2004ல இந்தச் சேதி வெளிவந்தது. அந்தத் தீவுல இயற்கையா பூனை கிடையாது. அப்படின்னா யாரோ படகுல ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க. விதையோட பூனையும் கடல் தாண்டியிருக்கு. இன்னிக்கு வீட்டுல வளர்ற பூனைங்க மேற்காசியா, வட ஆப்பிரிக்கா பக்கத்துக் காட்டுப்பூனை வழியில வந்ததுங்கன்னு 2007ல மரபணு ஆராய்ச்சியும் சொல்லிடுச்சு. வறண்ட நிலத்துப் பிராணி அது. வெயிலைத் தாங்கும், மழையில நனைஞ்சு குளிர் காத்து பட்டா தாங்காது. பெரிய பூனையாவது சமாளிக்கும், குட்டி ஒரே ராத்திரியில விறைச்சுப் போயிடும்.

நம்ம பக்கத்துக் கதைக்கு வருவோம். தொல்காப்பியத்து மரபியல்ல எந்தெந்தப் பிராணியோட பிள்ளையை என்னன்னு சொல்லணும்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல கீரி, பூனை, எலி, அணில் நாலையும் ஒரே வரிசையில வச்சு, இதுங்க பிள்ளையைக் 'குட்டி'ன்னு சொல்லலாம்கிறார். எலியும் பூனையும் பாட்டுல கூட ஒண்ணாத்தான் இருக்குதுங்க. அன்னிக்குப் பூனைக்குப் பேர் வெருகு. புறநானூறு 326ஆம் பாட்டுல வெருகு ஊர் வேலியோரம் பதுங்கி நடக்குது. அதுக்குப் பயந்து ராத்திரியில பெட்டைக்கோழி தொண்டை வறளக் கத்துது. பஞ்சு கொட்டுற வேலைக்காக எழுந்த பொம்பளை சின்ன விளக்கு ஏத்துறா. அந்த வெளிச்சத்துல சேவலைப் பார்த்த பிறகுதான் கோழி அடங்குது. குறுந்தொகை 107ல ஒருத்தி, விடியறதுக்குள்ள கூவித் தன்னை எழுப்பிவிட்ட சேவலைச் சபிக்கிறா: நடுராத்திரியில வீட்டெலிக்குக் காத்துக் கிடக்கிற வெருகுக் குட்டிக்கு நீ இரையாப் போ, அப்படின்னு. ஒரு பாட்டுல வேலியோரம் நிக்கிறது, இன்னொரு பாட்டுல வீட்டு எலியையே பார்த்துக்கிட்டு இருக்கு. மாமல்லபுரத்துல, ஏழாம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்துல, பூனை தவசி மாதிரி ரெண்டு கையையும் தூக்கி நிக்குது, காலடியில எலிங்க நிக்குது. செதுக்கினவன் தினம் தினம் பூனையையும் எலியையும் பார்த்தவனாத்தான் இருக்கணும்.

இது புத்தகத்துல இருக்கிற சரித்திரம். எங்க வீட்டுச் சரித்திரத்துக்கு என் அப்பாயிதான் சாட்சி.

எங்க பழைய வீடு நாட்டு ஓடு போட்ட மண்சுவர் வீடு. கூடத்து மூலையில மண் உறை அடுக்கின குதிர். உள் ரேழியில மரப் பத்தாயம். அறுவடை முடிஞ்சா வாசல்ல வைக்கோல் பிரி சுத்தி நெல்லுப் பட்டறை. விதைநெல்லு தனியா, வைக்கோல்ல கட்டின கோட்டையா. கொல்லையில வைக்கோல் போர். அடுப்படிக்கு மேல பரண். இதுல எந்த இடத்துல எலி வரும்னு கேட்டா எல்லா இடத்துலயும் வரும். பூனை எங்கே படுக்கும்னு கேட்டாலும் அதே பதில்தான்.

குதிருக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சாண் சந்து, அங்கே குட்டி போடும். மழைக்காலத்துல பத்தாயத்துக்கு அடியில. பனிக்காலத்துல அடுப்புச் சாம்பல்ல. சமையல் நடக்காத வீட்டை 'அடுப்புல பூனை தூங்குது'ன்னு சொல்றோமே, அந்தப் பேச்சு சும்மா வந்ததில்லை. ராத்திரி அடுப்பு அணைஞ்சு சாம்பல் இளஞ்சூட்டோட இருக்கிறப்போ அது அங்கேதான் சுருண்டு கிடக்கும். காலையில அப்பாயி விறகு வைக்கப் போனா முதல்ல பூனையை எழுப்பி விடுவாங்க. உடம்பெல்லாம் சாம்பலோட எழுந்து போகும். வெளியில இருந்து உள்ள வர கதவு திறக்க வேண்டியதில்லை. எரவாணத்துல சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவுல கை நுழையற சந்து சுத்திலும் இருந்தது.

அப்பாயி பூனையைக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. ஆனா சோறு வடிச்சதும் ஒரு கை சோத்துல மோர் ஊத்திப் புறவாசல் கல்லுல வைப்பாங்க. "அது கூலி. நெல்லு காக்குதுல்ல"ம்பாங்க. பிற்பாடு இங்கிலாந்துல எக்ஸிடர் ஊர்த் தேவாலயத்தைப் பத்திப் படிச்சப்போ அப்பாயி ஞாபகம் வந்தது. அங்கே 1305லேர்ந்து 1467 வரைக்கும் கணக்குப் புத்தகத்துல பூனைக்குன்னு வாரத்துக்கு ஒரு பென்னி கணக்குல செலவு எழுதியிருக்காங்க. கடிகாரத்துக்குக் கீழே இருக்கிற கதவுல பூனை போய்வர வட்டமா ஒரு ஓட்டையும் வெட்டியிருக்காங்க. அவங்க கணக்கு எழுதினாங்க, அப்பாயி எழுதல. விஷயம் ஒண்ணுதான்: வேலைக்குக் கூலி, போய்வர வழி.

இதெல்லாம் எப்போ மாறுச்சு? ஒரே நாள்ல மாறல. 1960கள்ல ஆடுதுறை 27 வந்தது, 1966ல ஐ.ஆர்.8 வந்தது. விளைச்சல் கூடுச்சு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த விளைச்சல்லதான் நாங்க படிச்சோம். ஆனா குட்டை ரகம் வந்ததும் வைக்கோலும் குட்டையாச்சு. ஆள் உயரச் சம்பா வைக்கோல்ல முறுக்கின பிரி மாதிரி இதுல வராது. பட்டறை கட்டுறவங்க குறைஞ்சாங்க. 1972ல நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. நேரடி கொள்முதல் நிலையம் ஊருக்கு ஊர் வந்தது. நெல்லு களத்துல இருந்தே போக ஆரம்பிச்சுது. அப்புறம் அறுவடை மிஷின் வந்தது. இப்போ வயல்லேர்ந்து நெல்லு டிராக்டர்ல ஏறினா நேரா கொள்முதல் நிலையந்தான். வைக்கோலையும் மிஷின் உருளையாச் சுருட்டி லாரியில ஏத்திடுது. எங்க தெருவுல இன்னிக்கு ஒரு வீட்டுலயும் குதிர் கிடையாது. எங்க குதிரை உடைச்சு அப்பா வாசல் மேடாக்கினார். பத்தாயத்துப் பலகை மாட்டுத் தொட்டிக்கு மூடியாச்சு.

நெல்லு போனது மாதிரியே வீடும் மாறுச்சு. ஓடு இறங்கி தளம் ஏறுச்சு. 2010ல கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தப்போ குடிசைங்களும் தளம் போட்ட வீடாச்சு. ஒழுகாத வீடு மனுஷனுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு ஒழுகற வீட்டுல இருந்தவனுக்குத் தெரியும். ஆனா தளத்துக்கு எரவாணம் கிடையாது, சன்னலுக்குக் கொசுவலை, கதவுக்குத் தாழ்ப்பாள். கேஸ் அடுப்புல சாம்பல் ஏது? பூனையை யாரும் விரட்டல. அது இருந்த இடம் ஒவ்வொண்ணா இல்லாமப் போச்சு, அவ்வளவுதான்.

இது எனக்கு உறைச்சது 2018 நவம்பர் 15ஆம் தேதி ராத்திரி. கஜா புயல் கரை ஏறின ராத்திரி. எங்க கறுப்புப் பூனை அப்போ மாட்டுக்கொட்டகைப் பரண்ல நாலு குட்டி போட்டிருந்தது. கண்ணு திறந்து ஒரு வாரம் இருக்கும். முதல்ல வடக்கேருந்து காத்து. கொட்டகைக் கீத்து பறக்கிற சத்தம் கேட்டுது. கொஞ்ச நேரத்துல வாசக் கதவைப் பிறாண்டற சத்தம். நான் எழுந்து தாழ்ப்பாள்ல கை வச்சேன். "திறந்தா கதவு பிடுங்கிக்கிட்டுப் போயிடும், உள்ள புள்ளைங்க இருக்கு"ன்னு என் சம்சாரம் கையைப் பிடிச்சிட்டா. அவ சொன்னது சரிதான். திறக்கல. நடுவுல கொஞ்சம் அடங்கி, அப்புறம் தெற்கேருந்து திருப்பி அடிச்சுது. அந்தப் பிறாண்டல் எப்போ நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல.

விடிஞ்சு பார்த்தா கொட்டகை இல்லை, தென்னை பாதி இல்லை. தண்ணித் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவுல இருந்த சந்துல பூனை ஒரு குட்டியோட கிடந்தது. மத்த மூணும் கொட்டகை இருந்த இடத்துல சேத்துல கிடந்தது. ஊரே வாழ்க்கையைத் தொலைச்சு நிக்கிறப்போ மூணு பூனைக்குட்டிக்காக அழுதேன்னு யார்கிட்டயும் சொல்லல. பழைய வீடா இருந்திருந்தா அது கதவைப் பிறாண்டியிருக்க வேண்டியதில்லை. எரவாணம் வழியா ஒவ்வொண்ணாக் கவ்விக்கிட்டு வந்து குதிர்ச் சந்துல போட்டிருக்கும்.

அதுக்கடுத்த வருஷந்தான் முதல் பெட்டி செஞ்சேன். இப்போ நாலு இருக்கு. செய்யிற விதம் இதுதான்.

மீன்காரர் ஐஸ் போட்டுக் கொண்டுவர்ற தெர்மாகோல் பெட்டி ஒண்ணு. கழுவி ரெண்டு நாள் வெயில்ல காயப் போடுங்க. உள்ளே ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் இருந்தாப் போதும். பெரிசா இருந்தா நல்லதுன்னு நினைக்காதீங்க. பூனை தன் உடம்புச் சூட்டுலதான் உள்ளே சூடு பண்ணிக்கும், இடம் பெருத்தா சூடு நிக்காது. வாசல் ஆறு அங்குலம், நடுவுல இல்லாம ஒரு ஓரமா, தரையிலேர்ந்து ரெண்டு அங்குலம் மேல வெட்டுங்க. ஓரமா இருந்தா சாரல் படாத மறைப்பு உள்ளே கிடைக்கும். தண்ணி தெறிச்சாலும் வாசல்படி தடுக்கும். மூடியைக் கயிறு போட்டு இறுக்கி, மேலே பழைய உரச்சாக்கைப் போர்த்தி, ரெண்டு பக்கமும் தொங்க விட்டுக் கட்டுங்க. அடியில செங்கல் வச்சு அரை அடி தூக்குங்க. பெட்டி லேசு, காத்துல போயிடும். அதனால மேலே ஒரு செங்கல் பாரம் வைக்கணும்.

உள்ளே துணி, கோணி எதுவும் வேண்டாம். நான் முதல் வருஷம் பழைய போர்வை போட்டுத் தப்பு பண்ணினேன். துணி தண்ணியை உறிஞ்சி வச்சுக்கும், மேல படுத்த பூனையோட சூட்டையும் சேர்த்து எடுத்துக்கும். காய்ஞ்ச வைக்கோல்தான் சரி. முக்கால் பெட்டிக்குத் திணிச்சு விட்டா அதுவே உள்ளே குடைஞ்சு இடம் பண்ணிக்கும். மழை விட்ட நாள்ல மாத்திடுங்க. கையை மட்டும் சட்டுனு உள்ளே விடாதீங்க. மழைக்குப் பாம்பும் இடம் தேடும், முதல்ல குச்சியால தட்டிப் பாருங்க.

வாசல் எந்தப் பக்கம் பார்க்கணும்? ஐப்பசி கார்த்திகை மழைக்குக் காத்து வடகிழக்குலேர்ந்து வரும், அதனால தெற்கு மேற்காப் பார்க்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க. கஜா எனக்கு வேற சொல்லிக் கொடுத்தது. காத்து திரும்பியும் அடிக்கும். அதனால பெட்டி வாசலை வீட்டுச் சுவரைப் பார்த்து, ஒரு அடி இடம் விட்டு வைக்கிறேன். எந்தப் பக்கம் அடிச்சாலும் சாரல் நேரா உள்ளே போகாது. யோசிச்சுப் பார்த்தா அது பழைய குதிர்ச் சந்துதான்.

இன்னொரு விஷயம். பூனை குறைஞ்ச ஊர்ல எலி மருந்து கூடும். கேக் மாதிரி விக்கிற மருந்தைத் தின்ன எலி உடனே சாகாது. ரெண்டு மூணு நாள் மந்தமாத் திரியும். அதைப் பிடிச்சுத் தின்ன பூனைக்கும் ஆந்தைக்கும் அந்த விஷம் போகுது. அப்புறம் எலி இன்னும் கூடும், மருந்தும் கூடும். நான் வயலுக்குக் கிட்டியும், ஆந்தை உட்கார டி வடிவக் கம்பும்தான் வைக்கிறேன். வீட்டுப் பக்கத்துக்குப் பூனைங்க இருக்கு. போன பருவத்துக்கு விதைநெல்லு ரெண்டு மூட்டை வீட்டுலயே வச்சிருந்தேன், சாக்குல ஒரு கடி இல்லை.

பக்கத்து வயக்காரர்கிட்ட அன்னிக்குச் சரியா பதில் சொல்ல முடியல. இப்போ சொல்றேன். தாத்தன் பூட்டன் பூனைக்குன்னு தனியா வீடு கட்டல, உண்மைதான். அவங்க கட்டின குதிர், பத்தாயம், போர், பரண் அத்தனையும் அதுக்கும் வீடாத்தான் இருந்தது. நாம அதையெல்லாம் எடுத்துட்டோம். எடுத்ததுக்குப் பதிலா ஒரு மீன் பெட்டி வைக்கிறது தர்மம் இல்லை, பாக்கி வச்ச கூலி.

வைக்கோல் மாத்தியாச்சு. நேத்து ராத்திரி மழையில நாலு பெட்டியில மூணுல ஆள் இருந்தது.