முல்லைத்தீவுக் கரையில் எரிபொருள் தாங்கி

வன்னிக் கரையோர மீன்பிடி நெடுங்காலம் பாயையும் துடுப்பையும் நம்பியிருந்தது. 1950களின் இறுதியிலிருந்து அரசின் கடனுதவியோடு இலங்கையில் இயந்திரப் படகுகள் பரவின. 28 அடி நீள மூன்றரைத் தொன் படகில் டீசல் இயந்திரம் படகின் உள்ளேயே பொருத்தப்பட்டது. இத்தகைய படகுகளில் தளத்தின் கீழ் அடைபட்ட இரும்புத் தாங்கி, தேங்கும் நீராலும் உப்பாலும் துருப்பிடிக்கும். அதை அகற்ற, எஞ்சிய எண்ணெயை இறைத்து, ஆவியை வெளியேற்றி, தளப்பலகையைக் கழற்ற வேண்டும்; வெளியே எடுக்கும் வழி போதாவிட்டால் தாங்கியையே துண்டாக்க வேண்டும். வெற்றுத் தாங்கியில் தங்கிய ஆவியும் தீப்பற்றும் என்பதால், சுத்தம் செய்யுமுன் தீப்பொறி பறக்கும் கருவி ஆகாது.

வன்னியின் முல்லைத்தீவில் பெருகிய சிறிய கண்ணாடியிழைப் படகுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வெளியிணைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் தனிக் கலனிலிருந்து குழாய் வழியே செல்லும். கலனைக் கரைக்குத் தூக்கி வரலாம். ஆனால் 1990களில் போரின்போது அரசு வன்னிக்கு விதித்த பொருளாதாரத் தடையில் எரிபொருளே அரிதானது. 2004 ஆழிப்பேரலையும் 2009 இறுதிப் போரும் படகுகளைப் பெருமளவு அழித்தன. மீள்குடியேற்றத்தின்பின் தொழில் மீண்டும் மண்ணெண்ணெயையே சார்ந்தது. 2022 ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது.