தபாலில் வந்த வகுப்பு

மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி விருத்தாசலத்துக்குச் சென்று பீங்கான் தொழில் படிக்கும் ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். களிமண் காயும்போதும் சுருங்கும், சூளையில் வேகும்போதும் சுருங்கும். பீங்கானுக்கு 1200 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம் வேண்டும். இவற்றையெல்லாம் அவர் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே கைப்பேசியில் கற்றுவிடலாம். ஆனால், பிசைந்த மண் பதமாகிவிட்டதா என்பதைக் கைப்பேசி சொல்லாது. ஆசிரியர் தொட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல வேண்டும்.

அப்படியானால் தொலைவிலிருந்து கற்பது வீணா? அவசரப்படாதீர்கள். அதன் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு நாடெங்கும் கடிதம் அனுப்பும் முறை வந்தது. புதிய சுருக்கெழுத்து முறை ஒன்றை உருவாக்கிய ஐசக் பிட்மன் உடனே அதைப் பயன்படுத்திக்கொண்டார். பாடத்தைத் தபாலில் அனுப்பினார். மாணவர்கள் பைபிள் வாசகங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி அவருக்குத் திருப்பி அனுப்பினர். அவர் பிழை திருத்தி மீண்டும் அனுப்பினார். பாடம் போனது பெரிதல்ல. திருத்தம் திரும்பி வந்ததே பெரிது!

நம் நாட்டில் 1962-இல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. 1971-இல் மதுரை, 1979-இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். மங்கலம்பேட்டையும் சிதம்பரமும் அன்று ஒரே தென்னாற்காடு மாவட்டம். வேலையை விட முடியாத குமாஸ்தாக்களும், வீட்டை விட்டு வர இயலாத பெண்களும் பட்டம் பெற வழி பிறந்தது. "தபாலில் படித்தவர்தானே!" என்று இவர்களை ஏளனம் செய்தவர்கள் உண்டு. அது நியாயமற்ற பேச்சு. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் தனியே படிப்பவருக்கு எழும் ஐயத்தைக் கேட்க ஆள் இல்லை என்பதே உண்மையான குறை. அதனால்தான் விடுமுறை நாட்களில் நடக்கும் தொடர்பு வகுப்புகளுக்கு ஊர் விட்டு ஊர் போனார்கள்.

அடுத்து வந்தது வானொலி அலை. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடந்தது. தமிழகம் அதில் இல்லை. பெட்டி பேசியது, கிராமத்துப் பிள்ளை கேட்ட கேள்வி மட்டும் பெட்டிக்குள் போகவில்லை.

இணையம் இதை மாற்றியதா? 2012-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மின்சுற்றுகள் பற்றி இணையத்தில் இலவசப் பாடம் நடத்தியது. சேர்ந்தவர்கள் சுமார் 1,55,000 பேர். தேறியவர்கள் சுமார் 7,000 பேர். சிரிக்க வேண்டாம். ஒரே வகுப்பறையில் 7,000 பேரைத் தேற்ற எத்தனை ஆண்டுகள் ஆகும்? தவிர, பலர் எட்டிப் பார்க்கவே வந்தவர்கள்.

இதுவரை சொன்ன கல்லூரிப் படிப்புகளில் எல்லாம், வேறு வழியில்லாதவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது நிலைமை தலைகீழானது. இருந்த வகுப்பறையை இழந்த பிள்ளைகளுக்கு அதற்குப் பதிலாகத் திரை கிடைத்தது. ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள் என்றிருந்த வீடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். கைப்பேசியும் இல்லாதவர்களுக்கு, 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. ஆனால் அதுவும் பேசும் பெட்டிதான். குமாஸ்தா நன்றியோடு வாங்கிய தபால் கட்டையும் இந்தப் பிள்ளை வெறுத்த திரையையும் ஒரே தராசில் நிறுப்பது எப்படிச் சரியாகும்?

2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. மாலை நேரத்தில், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைத் தன்னார்வலர்கள் குடியிருப்புக்கு அருகிலேயே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்க்க மறுபடி ஓர் ஆள் கிடைத்தார்.