கிரகம் எது?

1801-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இரவு, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாசி என்னும் வானநூலறிஞர் சீரீஸைக் கண்டார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உலவிய அதனைக் கிரகம் என்றே அறிஞர் ஏற்றனர். அப்பகுதியிலேயே அதுபோன்ற சிறு பொருள்கள் பல தென்படவே, சுமார் அரை நூற்றாண்டில் அப்பதவி பறிபோயிற்று.

1930-இல் காணப்பட்ட புளூட்டோவுக்கும் இக்கதி நேர்ந்தது. 2006-இல் பிராக் நகரில் கூடிய அனைத்துலக வானியல் சங்கம் மூன்று இலக்கணங்களை வகுத்தது: கிரகம் சூரியனைச் சுற்றவேண்டும், தன் ஈர்ப்பினால் உருண்டை வடிவம் பெறவேண்டும், தன் பாதையின் அயலிலுள்ள பொருள்களை அகற்றியிருக்கவேண்டும். மூன்றாவதில் தவறிய புளூட்டோவும் சீரீஸும் குறுங்கோள்கள் எனப்பட்டன.

ஆயினும் 2015-இல் சீரீஸை அடைந்த டான் விண்கலம், நிலத்தடி உவர்நீரைச் சுட்டும் உப்புப் படிவுகளைக் கண்டது. உயிர் வாழத்தக்க உலகைத் தேடுவோர்க்கு நீரே முதற் குறி, பட்டம் அன்று.