இரவு விடுதிப் பாதுகாப்பு இயக்கம் (பிரிட்டன்)

மதுக்கூடங்களிலும் நடன விடுதிகளிலும், அங்கிருந்து வீடு திரும்பும் தெருக்களிலும் இளம்பெண்களின் பாதுகாப்புக்காகப் பிரிட்டனில் பெண்ணியவாதிகள் நடத்திவரும் இயக்கம்.

இதன் வேர் தெருவில் இருக்கிறது. 1975 முதல் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் பீட்டர் சட்கிளிஃப் பெண்களைக் கொன்றுவந்தான். 1981-இல் பிடிபடுவதற்குள் 13 பேர் மாண்டனர். அவனைப் பிடிக்க முடியாத போலீசார், இருட்டியபின் பெண்கள் வெளியே வர வேண்டாம் என்றனர். கொலை செய்தவனை விட்டுவிட்டுச் சாகக்கூடியவர்களை வீட்டுக்குள் பூட்டும் யோசனை அது. 1977 நவம்பர் 12 இரவு, லீட்ஸ் உள்ளிட்ட பல நகரங்களில் ‘இரவை மீட்போம்’ என்று பெண்கள் ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் மேற்கு ஜெர்மனியில் நடந்த இரவு ஊர்வலங்களே அவர்களுக்கு முன்மாதிரி.

விடுதிக்குள் நடப்பதற்கு விடுதியே பொறுப்பேற்க வேண்டும் என்ற கோரிக்கை பின்னர் வலுத்தது. 2014-இல் லண்டனில் தொடங்கிய ‘குட் நைட் அவுட்’ இயக்கம், சீண்டலுக்கு ஆளான பெண் வந்து சொன்னால் எப்படிக் கேட்பது, என்ன செய்வது என்று மதுக்கூட ஊழியர்களுக்குப் பயிற்சி தந்தது. 2016-இல் லிங்கன்‌ஷயரில் ‘ஏஞ்சலாவைக் கேளுங்கள்’ சுவரொட்டிகள் கழிவறைகளில் ஒட்டப்பட்டன. உடன் வந்தவரிடம் பயம் தோன்றினால், கவுன்ட்டரில் போய் ஏஞ்சலா இருக்கிறாரா என்று கேட்டால் போதும். ஊழியர் ஓசையில்லாமல் டாக்சி பிடித்து அனுப்பிவைப்பார் என்பது ஏற்பாடு.

2021 இலையுதிர்காலத்தில், பானத்தில் மருந்து கலந்தார்கள், ஊசியால் குத்தினார்கள் என்ற புகார்கள் பல்கலைக்கழக நகரங்களில் குவிந்தன. எடின்பரோவில் மாணவிகள் தொடங்கிய ‘கேர்ள்ஸ் நைட் இன்’ அழைப்பை ஏற்று, அக்டோபர் இறுதியில் பல நகரப் பெண்கள் ஓர் இரவு விடுதிகளைப் புறக்கணித்தனர். முந்தைய தலைமுறைப் பெண்கள் மறுத்த அதே வீட்டிருப்பை இவர்கள் தாமே தேர்ந்து, விடுதிகளின் வருமானத்தில் கைவைத்தார்கள். வாசலில் அனைவரையும் சோதிப்பதைச் சட்டக் கடமையாக்கக் கோரிய மனுவில் 1,70,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்.

பானத்தில் மருந்து கலந்த குற்றத்தை நிரூபிப்பது கடினம். ஜிஎச்பி போன்ற மருந்தின் தடயம் சிறுநீரில் 12 மணி நேரம் அளவுக்கே நிற்கும். தள்ளாடும் பெண்ணைக் குடிபோதை என்று நினைத்துக் காவலாளி வெளியேற்றிவிட்டால் சாட்சியமும் அவளோடு போய்விடும். ஆகவேதான் ஊழியர் பயிற்சி இந்த இயக்கத்தின் உயிர்நாடி. மருந்து கலப்பதைத் தனிக் குற்றமாக்கும் மசோதா 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு பிபிசி லண்டனில் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் ஏஞ்சலாவைக் கேட்டவருக்கு உரிய உதவி கிடைக்கவில்லை.