நிரந்தர முகவரி என்ற கட்டம்

விண்ணப்பம் எதுவானாலும் அதில் ‘நிரந்தர முகவரி’ என்று ஒரு கட்டம் இருக்கும். மந்தைவெளியில் நான் வேலை பார்த்த தட்டச்சுப் பயிலகத்துக்கு 1984 வாக்கில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் வரத் தொடங்கியபோது, எல்லோரும் தயங்கி நின்ற இடம் அதுதான். கொக்குவிலிலிருந்து வந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், “பிள்ளை, வீடு நிக்குதோ எரிஞ்சிட்டுதோ தெரியேல்லை, என்னெண்டு எழுதுறது?” என்று கேட்டார். கொக்குவில் முகவரியையே அடிக்கச் சொன்னார் முதலாளி. தற்காலிக முகவரிக் கட்டத்தில் மந்தைவெளி மாடிப்போர்ஷன் வந்தது. அந்தப் போர்ஷனில் அவர் பதினோரு வருஷம் இருந்தார்.

காலையில் லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். மத்தியானத்துக்கு மேல் ஜாப் டைப்பிங். இரண்டு கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி. பள்ளிக்கூடத்துக்கு, கலெக்டருக்கு, காவல் நிலையத்துக்கு, தூதரகத்துக்கு என்று அந்த மேஜையில் ஈழத்தவருக்காக நான் அடித்த மனுக்கள் ஏராளம். சென்னையில் அகதிகளுக்குக் கிடைத்த உதவி என்றால் அரிசியும் பணமும்தான் பலருக்கு நினைவு வரும். நான் பார்த்த வரலாறு காகிதத்தில் நடந்தது.

1983 ஜூலையில் கொழும்பில் நடந்த தமிழர் கொலைகளுக்குப் பிறகு தமிழ்நாடு முழுவதும் கொதித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, ரயில்கள் நின்றன. ராமேசுவரம் கரையில் படகுகள் வந்து இறங்கின. அந்த ஜூலையிலிருந்து 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை வந்தவர்கள் 1,34,053 பேர் என்பது அரசுக் கணக்கு. கையில் காசில்லாமல் வந்தவர்கள் மண்டபம் வழியாக முகாம்களுக்குப் போனார்கள். அந்த மண்டபம் முகாமுக்கே ஒரு பழைய கதை உண்டு. இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை நோய் பார்த்து, தடுத்து வைத்து அனுப்புவதற்காக வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கை அரசு நடத்திய இடம் அது. 1964-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரில் அதே வழியாக வந்தார்கள். அதற்கும் பிறகு அகதிகள்.

வெளிநாட்டில் ஓர் அண்ணனோ மருமகனோ இருந்தவர்கள் முகாமுக்குப் போகவில்லை. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, பெசன்ட் நகர், தி.நகர், கோடம்பாக்கம் என்று வாடகைக்கு வீடு பிடித்தார்கள். முகாம் பதிவு இல்லாமல் காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு இருப்பதால் இவர்களுக்கு வெளிப்பதிவு என்று பெயர். அரசின் பணக்கொடை முகாம்காரர்களுக்கு மட்டும்தான். வெளிப்பதிவுக்கு ஒன்றும் கிடையாது. ஆகையால் மாதாமாதம் வெளிநாட்டுப் பணத்துக்குக் காத்திருப்பார்கள். அது தாமதமான மாதங்களில் நகைக்கடைக்குப் போவார்கள்.

முதலில் மயிலாப்பூர் வீட்டுக்காரர்கள் மனம் திறந்துதான் வீடு கொடுத்தார்கள். அதற்கு ஒரு காரணம் பழைய ஞாபகம் என்று எனக்குத் தோன்றும். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் மெட்ராஸே காலியானது. அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்குப் போயின, உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. என் பாட்டி மாடவீதி வீட்டைப் பூட்டிவிட்டுக் கும்பகோணம் ரயிலேறியதை அடிக்கடி சொல்வார். அதே வருஷம் பர்மாவிலிருந்து நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் கப்பலிலும் காட்டு வழியாகக் கால்நடையாகவும் ஓடி வந்தார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது எப்படி இருக்கும் என்று தெரிந்த கிழவிகள் அன்று ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள்.

இனி ஒரு காகிதத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க டி.சி. வேண்டும். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கும்போது டி.சி.க்கு எங்கே போவது? ‘போர்ச் சூழல் காரணமாக மாற்றுச் சான்றிதழ் பெற இயலவில்லை’ என்று தொடங்கும் உறுதிமொழிப் பத்திரத்தை நான் மனப்பாடமாகவே அடிப்பேன். கல்லூரி என்றால் அடுத்த சிக்கல். அவர்களுடைய ஓ.எல்., ஏ.எல். தேர்வுகள் நம்முடைய பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் சமம் என்று ஒரு சான்று வாங்க வேண்டும். ஒரு பெண் தன் ஏ.எல். பெறுபேற்றுத் தாளை மழைக்காகிதத்தில் சுற்றி, பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படகேறியிருந்தாள். உப்புத்தண்ணீர் பட்டு மடிப்பு முழுக்க வெளுத்துப்போய், தேர்வு எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் தெரியவில்லை. கண்ணாடி வைத்துப் பார்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, ஒருவழியாகப் படித்தோம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் அகதி மாணவர்களுக்கென்று தொழிற்கல்லூரிகளில் சில இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்தத் தாள் அவளைப் பொறியியல் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்த வேலையையெல்லாம் ஒழுங்காக, அமைப்பாகச் செய்தவர்கள் அகதிகளேதான். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாம் கொடுத்தோம், அவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்றே இந்தக் கதையைச் சொல்லிப் பழகிவிட்டோம். தந்தை செல்வா என்று ஈழத்தவர் அழைக்கும் தலைவர் செல்வநாயகத்தின் மகன், வழக்கறிஞர் எஸ்.சி. சந்திரஹாசன், 1984-இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். அதன் ஆங்கிலச் சுருக்கமான ‘ஓஃபர்’ என்றால் எல்லா முகாமிலும் தெரியும். முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, பெண்களுக்கு மருத்துவத் தொண்டர் பயிற்சி, சத்துக் குறைவுக்குச் சுருள்பாசி வளர்த்துக் கொடுப்பது என்று பல வேலை செய்தார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் முகாம்களில் வளர்ந்த இளைஞர்கள்.

அந்தச் சந்திரஹாசனையே 1985 ஆகஸ்டில் மத்திய அரசு நாடு கடத்தியது. இலங்கை அரசும் தமிழ் இயக்கங்களும் நடத்திய திம்பு பேச்சுவார்த்தை முறிந்த நேரம் அது. தமிழர் தரப்பைச் சேர்ந்த பாலசிங்கம், சத்தியேந்திரா இருவருக்கும் இதே உத்தரவு வந்தது. சந்திரஹாசனை நியூயார்க் விமானத்தில் ஏற்றினார்கள். அங்கே போய் அவர் அமெரிக்க விசா கேட்க மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் விமானம் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் கிளம்பிய எதிர்ப்பில் உத்தரவும் வாபஸாயிற்று. அகதிகளுக்காகக் கழகம் நடத்துகிறவரையே ஓர் உத்தரவில் விமானம் ஏற்ற முடியும் என்றால், மந்தைவெளி மாடியில் இருக்கிற வாத்தியார் எந்தத் தைரியத்தில் தூங்குவார்?

இந்தியா 1951-ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, 1967 நெறிமுறையிலும் இல்லை. அகதி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் பொருள் சொல்லாத நாடு இது. அன்று அமலில் இருந்த 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தின் கண்ணில் அத்தனை பேரும் வெளிநாட்டவர், அவ்வளவுதான். கொடுத்ததெல்லாம் அரசாணையாலும் அன்றைய ஆட்சியின் மனத்தாலும் கொடுத்தது. அது எவ்வளவு தாராளமாக வந்தது என்பதை நான் மறக்கவில்லை. எவ்வளவு வேகமாகப் போயிற்று என்பதையும் மறக்க முடியாது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. 1989 ஆகஸ்டு கடைசியிலிருந்து 1991 ஏப்ரல் வரை இன்னும் 1,22,000 பேர் வந்து சேர்ந்தார்கள். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார். மறுநாளிலிருந்து சென்னையில் ஈழத்துப் பேச்சு வெளியே கேட்கவில்லை. பேருந்தில் வாய் திறக்க மாட்டார்கள். “அண்ணை” என்று கூப்பிட்ட பிள்ளைகளுக்கு “அண்ணே” என்று சொல்லத் தாய்மார்கள் பழக்கினார்கள். ஆயுதம் ஏந்திய ஈழ இயக்கத்துக்காரர்கள் பாண்டி பஜாரில் 1982-இல் தங்களுக்குள் சுட்டுக்கொண்டபோதே முகம் சுளித்த வீட்டுக்காரர்கள், இப்போது ஒரு மாத அவகாசத்தில் காலி செய்யச் சொன்னார்கள். ‘சிலோன்காரர்களுக்கு இல்லை’ என்று தரகர்கள் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். வெளியில் இருக்கும் இலங்கைத் தமிழர் அத்தனை பேரும் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்று கெடு வந்தது. ஒரு வாரம் முழுக்க நான் வேறெதுவும் அடிக்கவில்லை. பெயர், தகப்பன் பெயர், வந்த தேதி, வந்த வழி, படகு எனில் இறங்கிய இடம்.

அந்த வருஷமே அகதி மாணவர் சேர்க்கை நின்றது. பொறியியலில் சேர்ந்த அந்தப் பெண்ணின் தம்பி பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தான். ஒரு கல்லூரி அலுவலகத்தில் அவனுடைய விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். 1996-இல் ஆட்சி மாறிய பிறகுதான் கதவு மறுபடி திறந்தது. நடுவில் போன ஐந்து வருஷத்தை யாரிடம் போய்க் கேட்பது? கொலைக்கும் அந்தப் பையனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சட்டம் கொடுத்த இடமாக இருந்திருந்தால் எடுப்பதற்கு ஒரு காரணமாவது எழுத வேண்டியிருக்கும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

1992 ஜனவரி 20 முதல் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். விருப்பப்பட்டவர்கள் மட்டும் போகிறார்கள் என்றது அரசு. முகாமில் உதவித்தொகையை நிறுத்துகிறார்கள், ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று புகார் வந்தது. பழ. நெடுமாறனும் டாக்டர் ராமதாசும் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் மத்திய அரசோடு உடன்பாடு செய்துகொண்டு அந்த ஆண்டே சென்னையில் அலுவலகம் வைத்தது. அடையாறு கற்பகம் கார்டனில், மரங்கள் நிறைந்த ஒரு குறுக்குத்தெருவில் அது இயங்கியது. முகாம்களுக்குள் போய் வேலை செய்ய அதற்கு அனுமதி இல்லை, கிளம்புகிறவர்களைப் பேட்டி கண்டு, “மனசாரத்தான் போகிறீர்களா?” என்று கேட்பது மட்டும்தான் கொடுக்கப்பட்ட வேலை. உலக நிறுவனமே பார்த்துக்கொள்கிறது, இதில் நாங்கள் நுழைய வேண்டியதில்லை என்று சொல்லி நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. 1995 மார்ச் வரை 54,188 பேர் போனார்கள். அவர்களில் சிலர் அடுத்த சண்டையில் மறுபடி படகேறி வந்ததையும் பார்த்தோம். ஒரே குடும்பத்துக்கு இரண்டாம் தடவை மனு அடித்துக் கொடுத்தேன்.

கற்பகம் கார்டன் தெருவில் பிற்காலத்தில் வேறு முகங்களும் தெரிந்தன. மியான்மரிலிருந்து தப்பி 2012 முதல் கேளம்பாக்கம் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் தங்கியிருக்கும் ரோஹிங்யா குடும்பங்களுக்கு அந்த ஆணையத்தின் அட்டைதான் அடையாளம். ஈழத்தவருக்கு அந்த அட்டை கிடையாது; அவர்களை மாநில அரசின் மறுவாழ்வுத் துறை பார்த்துக்கொள்கிறது.

ஓஃபர் செய்த வேலைகளில் நான் மிகவும் மதிப்பது பிறப்புப் பதிவு. இங்கே பிறந்த பிள்ளையை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தால்தான் அது இலங்கைக் குடிமகன். இந்தியாவிலோ 1987 ஜூலை முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்பால் மட்டும் குடியுரிமை இல்லை. பதியாமல் விட்டால் பிள்ளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. பதிவதற்குத் தாய்தகப்பனின் கல்யாணச் சான்றும் பிறப்புச் சான்றும் வேண்டும். அவை யாழ்ப்பாணக் கச்சேரியிலோ (மாவட்ட அரசு அலுவலகம்) கிளிநொச்சிக் கச்சேரியிலோ கிடக்கும், இல்லை எரிந்திருக்கும். தொண்டர்கள் முகாம் முகாமாகப் போய்ப் பட்டியல் எடுத்து, அங்கே ஆள் வைத்துப் பிரதி தேடி, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சான்று வாங்கிக் கொடுத்தார்கள். இதற்குப் பத்திரிகையில் படம் வராது. சுனாமிக்கும் புயலுக்கும் மூட்டை கட்டிக் கொடுக்கிற நம் ஊர்க்காரர்கள் யாரும் இதற்கு நன்கொடை கொடுத்து நான் பார்த்ததில்லை.

1983 முதல் 2012 வரை வந்தவர்கள் மொத்தம் 3,04,269 பேர். 2021 ஆகஸ்டில் மு.க. ஸ்டாலின் அரசு 317.40 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தபோது முகாம்களில் 58,822 பேரும் வெளிப்பதிவில் 34,087 பேரும் இருந்தார்கள். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித்தர முடிவாயிற்று. பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை இருந்த இடத்தில் இது பெரிய காரியம். ஆனால் குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லை. 2019-ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டம் குடியுரிமை தருவதற்கு மூன்று நாடுகளின் பெயர்களைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை. மண்டபத்தில் 1986-இல் பிறந்த ஒரு பெண் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடி, 2022-இல் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1987 ஜூலைக்கு முன்னால் பிறந்ததுதான் அவருக்கு உதவியது. அவருக்குப் பின் முகாம்களில் பிறந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

2025 மே மாதம் ஓர் ஈழத்தமிழரின் மனுவைத் தள்ளிய உச்ச நீதிமன்றம், இந்தியா தர்மசாலை அல்ல என்று சொன்னது. அதே மாதம், ஐ.நா. ஆணையத்தின் உதவியோடு ஊர் திரும்பிய ஒரு முதியவரை, பல வருஷத்துக்கு முன் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்று யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை வெளியிட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனை கிடையாது. தண்டிக்க மாட்டோம் என்கிறது அது. இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லவில்லை.

என்னிடம் ஹையர் படித்த ஒருத்தி இப்போது வளசரவாக்கத்தில் இருக்கிறாள். வெளிப்பதிவுக் குடும்பம். அந்த ஆணையைக் கைபேசியில் அனுப்பிவிட்டு, “அக்கா, இது எங்கட பிள்ளையளுக்கும் செல்லுமோ?” என்று கேட்டாள். மூத்தவன் 2009-இல் இங்கே அரசு மருத்துவமனையில் பிறந்தவன், துணைத் தூதரகத்தில் பதியவில்லை. அவளுடைய கல்யாணச் சான்றின் பிரதி பருத்தித்துறையிலிருந்து வர வேண்டும். பிறப்புப் பதிவு மனுவுக்கு என்னென்ன இணைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். காவல் நிலையப் பதிவின் நகலை வாங்கத் திங்கட்கிழமை போகிறாள்.