கேரட்டுக்கும் துடிப்பு உண்டா? 1901இல் லண்டனில் எழுந்த ஒரு தகராறு

போன மாதம் மகள் விநாடி வினாவுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "தாவரங்களுக்கு உயிர் உண்டு என்று கண்டுபிடித்தவர் யார்?" என்று ஒரு கேள்வி. விடை: ஜகதீஷ் சந்திர போஸ். நானும் ஐந்தாம் வகுப்பில் இதே வரியை மனப்பாடம் செய்தவன்தான், அதனால் தலையாட்டிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அவள் விடவில்லை. "அப்போ அவருக்கு முன்னாடி செடிக்கு உயிர் இல்லைன்னா நினைச்சாங்க?"

நியாயமான கேள்வி. நட்டால் முளைக்கிறது, தண்ணீர் ஊற்றாவிட்டால் வாடுகிறது, காய்க்கிறது, பட்டுப்போகிறது. இதற்கு உயிர் இருக்கிறது என்று சொல்ல 1901 வரை யாரும் காத்திருக்கவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்துகிறது. அதில் புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள். அந்த ஓர் அறிவு தொடு உணர்வு. உயிர் உண்டு என்பதோடு நிற்காமல் தொட்டால் உணரும் என்றும் நம்மவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் போஸ் என்னதான் கண்டுபிடித்தார்? இரண்டு மூன்று வார இறுதிகளை இதற்காகச் செலவழித்தேன். படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: அந்தப் பாடப்புத்தக வரி போஸைப் புகழ்வதுபோல் இருந்தாலும், அவர் உண்மையில் செய்த காரியத்தை மறைத்துவிடுகிறது.

முதலில் ஒரு பூச்சி தின்னும் செடி

கதை போஸிடம் தொடங்கவில்லை, சார்லஸ் டார்வினிடம் தொடங்குகிறது. 1870களில் அவர் பூச்சி தின்னும் செடிகளின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். இலைகளில் பனித்துளி மாதிரி பிசின் வைத்துப் பூச்சியைப் பிடிக்கும் டிரோசெரா அவற்றில் ஒன்று. நம் சித்த மருத்துவத்தில் அழுகண்ணி என்று சொல்லப்படும் செடி இந்த இனம்தான். இன்னொன்று அமெரிக்காவின் கரோலினா சதுப்பு நிலங்களில் வளரும் வீனஸ் பூச்சிப்பொறி. அதன் இலை இரண்டு மடல்களாகத் திறந்திருக்கும், உள்ளே சில மெல்லிய முடிகள் இருக்கும். பூச்சி அந்த முடிகளைத் தொட்டால் இலை படக்கென்று மூடிக்கொள்ளும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே ஒரு தொடுகைக்குப் பொதுவாக இலை மூடாது. சுமார் 20 நொடிக்குள் இரண்டாவது முறை தொட்டால்தான் மூடும். காற்றில் விழுந்த குப்பைக்கெல்லாம் மூடி ஏமாறாமல் இருக்க இந்த ஏற்பாடு. நாங்கள் பட்டன் அழுத்தத்தைப் படிக்கும் நிரலில் 'டிபவுன்ஸ்' என்று ஒன்று எழுதுவோம், பொய்யான சமிக்ஞையை வடிகட்டுவதற்கு. செடி அதை எப்போதோ செய்துவிட்டது!

இவ்வளவு வேகமாக மூடுகிறதே, விலங்கின் தசைபோல இதிலும் மின்சாரம் ஓடுகிறதா என்பது டார்வினின் கேள்வி. அதை ஜான் பர்டன் சாண்டர்சன் என்ற உடலியல் அறிஞரிடம் கொடுத்தார். சாண்டர்சன் இலையில் மின்முனைகளைப் பொருத்தி, முடியைத் தொட்டார். கால்வனாமீட்டர் முள் அசைந்தது. ஆண்டு 1873. தாவரத்தில் தூண்டலுக்கு மின் துடிப்பு எழும் என்று முதலில் பதிவு செய்தவர் இவர்தான், போஸ் அல்ல. அப்போது போஸுக்கு வயது 14 அல்லது 15.

சாண்டர்சனின் பெயரை மறக்காதீர்கள். 28 வருடம் கழித்து அவர் திரும்ப வருவார், வேறு வேடத்தில்.

ரேடியோவிலிருந்து கேரட்டுக்கு

போஸ் அடிப்படையில் இயற்பியல்காரர், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர். 1890களில் மில்லிமீட்டர் அலைநீளம் கொண்ட மின்காந்த அலைகளை உருவாக்கி ஆராய்ந்தவர். அந்த அலைகளைக் கண்டறிய அவர் பயன்படுத்திய கருவிதான் அவரைத் திசை திருப்பியது. உலோகத் துண்டுகளாலான அந்த ஏற்பி தொடர்ந்து வேலை செய்தால் உணர்திறன் குறைந்தது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தேறியது. அந்த வரைபடத்தைப் பார்த்தவருக்கு, இது களைத்துப்போன தசையின் வரைபடம் மாதிரியே இருக்கிறதே என்று பட்டது. எங்கள் துறையில் இப்படி ஒன்று வந்தால் 'கருவிக் கோளாறு' என்று டிக்கெட்டை மூடிவிடுவோம். அவர் மூடவில்லை.

தசை ஒரு முனை, உலோகம் மறுமுனை. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? தாவரம். அப்படித்தான் போஸ் செடிக்கு வந்து சேர்ந்தார்.

அவர் தொட்டாச்சிணுங்கியோடு நின்றுவிடவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். கேரட், முள்ளங்கி, டர்னிப், காலிஃபிளவர் தண்டு, குதிரைச் செஸ்ட்நட் மரத்தின் இலைக்காம்பு என்று அசையவே அசையாத தாவரங்களை எடுத்துக்கொண்டார். இரண்டு இடங்களில் மின் இணைப்பு கொடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் தட்டுவார் அல்லது முறுக்குவார். முள் அசையும். குளோரோஃபார்ம் கொடுத்தால் அசைவு மங்கும். சுடுநீரில் கொன்றுவிட்டால் அசைவே இருக்காது. அதாவது வெறும் ஈரத்தாலோ உப்பாலோ வரும் மின்சாரம் இல்லை இது, உயிரோடு இருக்கும் திசு தரும் பதில்.

1901 ஜூன் 6. லண்டன் ராயல் சொசைட்டி கூட்டத்தில் போஸ் இதை விளக்கினார். எதிர்த்துப் பேச எழுந்தவர் சாண்டர்சன். அப்போது அவர் அந்தத் துறையின் பெரியவர். வீனஸ் பூச்சிப்பொறி மாதிரி 'விசேஷமான' செடிகளில் சரி, சாதாரணச் செடியில் மின் துலங்கல் எப்படி இருக்க முடியும் என்பது அவர் வாதம். கட்டுரைத் தலைப்பில் 'துலங்கல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மின் வினை' என்று மாற்றிக்கொள்ளுங்கள், துலங்கல் என்பது உடலியலாரின் சொல் என்றும் அறிவுரை சொன்னாராம். போஸின் வாழ்க்கை வரலாற்றை 1920இல் எழுதிய பாட்ரிக் கெட்டிஸ் இதை விவரிக்கிறார். (சென்னை மாகாண நகரங்களுக்கு நகரமைப்பு அறிக்கை எழுதினாரே, அதே கெட்டிஸ்தான்.)

சோதனையில் தவறு இருந்தால் காட்டுங்கள், சொல்லை மாற்ற மாட்டேன் என்று போஸ் நின்றார். கட்டுரை அச்சேறாமல் ஆவணக் கிடங்குக்குப் போனது. போஸ் சும்மா இருக்கவில்லை. லின்னியன் சொசைட்டிக்குப் போனார், 1902இல் புத்தகமாகவும் போட்டார்.

எனக்கு இந்தக் காட்சியில் உறைத்தது என்னவென்றால், தாவரத்தில் மின் துடிப்பை முதலில் பார்த்த மனிதரே, அது எல்லாத் தாவரத்திலும் உண்டு என்றபோது நம்ப மறுத்தார். இதை வெள்ளைக்காரன் எதிர் இந்தியன் என்று மட்டும் படிப்பது எளிது. அந்தக் காலத்துப் பாகுபாடு இல்லை என்று சொல்லவில்லை, இருந்தது. ஆனால் விவாதப் பொருள் வேறு: உணரும் செடி விதிவிலக்கா, விதியா?

செடியே எழுதட்டும்

எதிர்ப்பு வந்ததும் போஸ் பேச்சைக் குறைத்துக் கருவியைக் கூட்டினார். பொறியாளனாக என்னை மிகவும் கவர்ந்தது அவருடைய 'ஒத்ததிர்வுப் பதிவி'. தொட்டாச்சிணுங்கியின் இலைக்காம்பு மிக லேசானது. அதை ஒரு நெம்புகோலில் கட்டி, புகை படிந்த கண்ணாடியில் கோடு போட வைத்தால், முனையின் உராய்வே இலையைப் பிடித்து நிறுத்திவிடும். போஸ் என்ன செய்தார்? முனை கண்ணாடியைத் தொடர்ந்து தொடாமல், அதிர்ந்து அதிர்ந்து தொட்டுவிட்டு விலகும்படி வைத்தார். கோட்டுக்குப் பதில் புள்ளிகள். உராய்வு போயிற்று. கூடவே, புள்ளிகளின் இடைவெளி சமம் என்பதால் அதுவே கடிகாரம். இன்று 'சாம்ப்ளிங்' என்று சொல்கிறோமே, அதேதான்.

இந்தக் கருவியோடு அவர் இறங்கிய சண்டை தொட்டாச்சிணுங்கியில் செய்தி எப்படிப் பயணிக்கிறது என்பது. தண்டில் குளோரோஃபார்ம் தடவியும் செய்தி தாண்டிப் போகிறது, ஆகவே அது வெறும் நீரழுத்த அலை என்பது ஜெர்மானிய அறிஞர் ஃபெஃபரின் முடிவு. குளோரோஃபார்ம் தண்டுக்குள்ளே இறங்கியிருக்காது என்றார் போஸ். காம்பின் ஒரு பகுதியைக் குளிர வைத்தார், செய்தி தாமதமானது, பிறகு நின்றது. நஞ்சு தடவினார், நின்றது. குழாயில் ஓடும் தண்ணீருக்கு நஞ்சு ஏறுமா? 1913இல் வந்த அவர் புத்தகத்தில் இந்தச் சோதனைகளைப் பார்க்கலாம்.

செய்தி போய்ச் சேர்ந்ததும் இலை ஏன் தொங்குகிறது என்பது இன்று தெளிவாகத் தெரியும். காம்பின் அடியில் ஒரு சின்ன வீக்கம் இருக்கும். அதன் கீழ்ப்பக்கச் செல்கள் பொட்டாசியம், குளோரைடு அயனிகளை வெளியே விடும், பின்னாலேயே தண்ணீரும் போய்விடும். காற்று போன டயர் மாதிரி அந்தப் பக்கம் தளர, காம்பு விழும்.

இதில் போஸுக்கு முழு வெற்றி என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் 1916இல் உபால்டோ ரிக்கா என்ற இத்தாலியர் தண்டை வெட்டி, இரண்டு துண்டையும் தண்ணீர் நிரப்பிய குழாயால் இணைத்து, ஒரு முனையைச் சுட்டார். செய்தி குழாயைத் தாண்டிப் போனது! அப்படியானால் ஏதோ ஒரு வேதிப்பொருள் நீரோட்டத்தில் போகிறது. பிற்காலத்தில் தெரிந்தது இரண்டு பேருமே சரி என்பது. தொட்டால், குளிர்ந்தால் போவது ஒரு வகை மின் துடிப்பு, நொடிக்கு 2, 3 சென்டிமீட்டர் வேகத்தில். சுட்டால், வெட்டினால் கிளம்புவது இன்னொரு வகை, அது நீர்க்குழாய்கள் வழியாகவும் பரவும்.

எங்கே சறுக்கினார்

இதையும் சொல்லாவிட்டால் நான் ரசிகன் மட்டும்தான், ஆராய்ச்சிக் குறிப்பு எழுதுபவன் இல்லை. போஸ் ஒற்றுமையைத் தேடித் தேடி, கடைசியில் எல்லா இடத்திலும் அதையே பார்த்தார். மரத்தில் நீர் ஏறுவது உள்ளே செல்கள் இதயம்போலத் துடிப்பதால் என்று 1923இல் எழுதினார். அது நிற்கவில்லை. இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது ஏற்படும் இழுவிசைதான் காரணம் என்ற 1894ஆம் ஆண்டு விளக்கமே இன்றும் அடிப்படை.

அவர் வளர்ச்சிமானியையும் சிலர் நம்பவில்லை. லண்டன் டைம்ஸ் பத்திரிகையிலேயே சந்தேகம் கிளப்பினார்கள். 1920இல் யுனிவர்சிட்டி காலேஜில் போஸ் நேரடியாகச் செய்து காட்ட, பார்த்த அறிஞர்கள் கருவி உண்மையானது என்று அதே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். அதே ஆண்டு அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். கருவி சரி, அளவுகள் சரி. அளவுகளுக்குச் சொன்ன விளக்கங்களில் சில தவறு. விஞ்ஞானத்தில் இது அவமானம் ஒன்றுமில்லை.

அவமானம் பிறகு வந்தது, அவரால் அல்ல. 1973இல் 'தாவரங்களின் ரகசிய வாழ்க்கை' என்று அமெரிக்காவில் ஒரு புத்தகம் வந்து சக்கைப்போடு போட்டது. பொய் கண்டறியும் கருவியைச் செடியில் மாட்டினால் அது மனிதன் நினைப்பதை உணர்கிறது என்ற ரகம். போஸையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். 1975இல் முறையாகச் சோதித்தபோது அந்தப் பொய்க்கருவி விளைவு எதுவும் தெரியவில்லை. ஆனால் 'செடியின் மின் சமிக்ஞை' என்று வாயைத் திறந்தாலே சிரிக்கும் நிலை கொஞ்ச காலம் இருந்தது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் போஸின் பெயரோடு சுற்றும் செய்திகளில் பாதி இந்தப் புத்தக வழி வந்தவைதான் என்று நினைக்கிறேன்.

1901இன் கேள்விக்கு விடை

2013இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகக் குழு ஒன்று அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் செடியை எடுத்தது. தொட்டால் சிணுங்காது, பூச்சி தின்னாது, பரமசாது. புழு ஒரு இலையைக் கடித்தால் மின் சமிக்ஞை கிளம்பி மற்ற இலைகளுக்குப் போகிறது, அவை பாதுகாப்பு வேதிப்பொருளைத் தயாரிக்க ஆரம்பிக்கின்றன. 2018இல் இன்னொரு குழு, கால்சியம் கூடினால் ஒளிரும்படி செடியை மாற்றி, அந்த அலை இலை இலையாகப் பரவுவதை வீடியோவாகவே எடுத்தது. அலையைக் கிளப்புவது குளூட்டமேட், நம் மூளையிலும் செய்தி கடத்தும் அதே மூலக்கூறு.

இதனால் செடிக்கு மூளை உண்டு, வலி உண்டு என்று ஆகிவிடாது. நரம்பு இல்லை, மூளை இல்லை. வேலை செய்வது வேறு ஏற்பாடு. ஆனால் 'சாதாரணச் செடியில் எப்படி இருக்க முடியும்' என்று சாண்டர்சன் கேட்டாரே, அதற்கு விடை வந்துவிட்டது. இருக்கிறது.

மகளிடம் சொன்னேன்: விநாடி வினாவில் போஸ் என்றே எழுது, மதிப்பெண் வேண்டுமே. ஆனால் ஞாபகம் வைத்துக்கொள், அவர் செடிக்கு உயிர் கொடுக்கவில்லை. தொட்டாச்சிணுங்கியை மட்டும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடையில் விற்கும் கேரட்டைத் தட்டிப் பார்த்தவர் அவர்.

"கேரட் சாப்பிடும்போது அதுக்குத் தெரியுமாப்பா?" என்றாள். அதை அடுத்த பதிவில் பார்ப்போம்.